பாலத்துக்கு அடியில் நின்றவள்

அந்தத் தெருவில் மேஜர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். மேஜர் யார் என்று கேட்டால் பெரியவர்களே தப்பாகச் சொல்வார்கள். பச்சை கேட் போட்ட வீடு. கேட்டில் இரண்டு பலகைகள். ஒன்றில் மேஜர், ஓய்வு என்று இருக்கும். இன்னொன்றில் பல் மருத்துவர் என்று இருக்கும். உள்ளே இருப்பது ஒரு புருஷனும் ஒரு பெண்டாட்டியும். எந்தப் பலகை யாருடையது என்பதில் என்ன பெரிய குழப்பம் வந்துவிடப்போகிறது? வந்தது. கூரியர்காரன் டாக்டரைப் பார்த்துத்தான் விறைப்பாக நின்று சல்யூட் வைப்பான். பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கேட்டைத் திறக்கிற மேஜரிடம், "டாக்டரம்மா, கொஞ்சம் பாருங்க" என்று வாயைத் திறந்து காட்டுவார்கள். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அப்படித் திறந்த வாயைப் பார்த்து, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வெடி வெச்சு எடுக்கறதுதான். வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஆள் அதற்கப்புறம் வேறு டாக்டரிடம் போய்விட்டார்.

டாக்டர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு, "நான் இல்லப்பா, அவங்கதான் மேஜர்" என்று திருத்திப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய்த் தலையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தார்.

"எத்தனை பேருக்குத்தான் சொல்றது? விடும்மா."

"விடறேன். உங்களுக்கு வெச்ச சல்யூட்டை எல்லாம் சேர்த்து வைங்க. ஒருநாள் மொத்தமா வாங்கிக்கறேன்" என்பாள்.

விளையாட்டாகச் சொல்வாள். உள்ளுக்குள் விளையாட்டு இல்லை.

அவள் பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் அவள் காலுக்கு அங்கே பூட்ஸே கிடையாது. இருப்பதிலேயே சின்ன அளவை வாங்கி, இரண்டு ஜோடி காலுறை திணித்துக்கொண்டு ஓடினாள். நேர்முகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய மீசை ஒன்று, "நாளைக்குக் கல்யாணம் ஆயிட்டா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டது. "கல்யாணம் ஆன நீங்க என்ன பண்றீங்களோ அதையேதான் சார்" என்றாள். மீசை சிரித்ததா முறைத்ததா தெரியவில்லை, வேலை கிடைத்தது. கிடைத்து என்ன? பாலம் கட்டுகிற, பாறை உடைக்கிற, கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் அதிகாரியாகச் சேர்த்துக்கொண்டு, விருந்தினர் விடுதிக்குத் திரைச்சீலை வாங்கி வரச் சொன்னார்கள்! கூடப் படித்தவர்களில் அவளைவிடக் கம்மியாக மார்க் வாங்கினவனெல்லாம் ஆற்றில் இறங்கி வேலை கற்றுக்கொண்டிருந்தான். இவள் துணிக்கடையில் நீலமா பச்சையா என்று நின்றுகொண்டிருந்தாள். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்? திரையை வாங்கி மாட்டிவிட்டு மறுநாள் காலை மேலதிகாரி முன்னால் போய் நின்றாள். "சார், திரை போட்டாச்சு. இனிமே பாலம் போடட்டுமா?" இப்படிக் கேட்டுக் கேட்டு, நூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஒரு கம்பெனி அவள் கைக்கு வந்தபோது காதோரம் நரைத்துவிட்டது. அதுவும் அவளுக்கு முன்னால் இருந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் வந்தது.

வந்த கையோடு வெள்ளமும் வந்தது. இதே ஊரில்தான், டாக்டர் பிறந்து வளர்ந்த ஊரில். ஆற்றின் மேல் இருந்த பழைய கல்பாலத்தைத் தண்ணீர் வாரிக்கொண்டு போய்விட்டது. இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் ஆஸ்பத்திரி. அவள் தன் ஆட்களோடு வந்து இறங்கினாள். பட்டாளத்துப் பாலம் பார்ப்பதற்குப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் இருக்கும். இரும்புச் சட்டங்களை ஆட்கள் தோளில் சுமந்து வந்து ஒன்றோடொன்று பொருத்துவார்கள். பொருத்துகிற இடத்தில் கட்டைவிரலைவிடத் தடித்த ஓர் இரும்பு ஆணி. வண்டி போகிற அதிர்ச்சியில் ஆணி நகர்ந்து வெளியே வந்துவிடாமல் இருக்க அதன் நுனியில் ஒரு சின்னக் கிளிப். மேலே மரப்பலகை. மழை விடாமல் கொட்டியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு கிளிப்பையும் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தாள். ஆட்கள் முணுமுணுத்தார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பாலம் கட்டி முடித்து முதல் வண்டி போகும்போது, கட்டின அதிகாரி பாலத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டும். எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் நிற்காதவனை ஒருத்தனும் மதிக்கமாட்டான். நான் கட்டினது விழுந்தால் என் தலையில் முதலில் விழட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவள் இடுப்பளவு தண்ணீரில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே மருந்து லாரி ஏறியது. இரும்பு முனகியது. பலகை இடுக்கிலிருந்து சேறு அவள் தலையில் கொட்டியது. லாரி அந்தக் கரை போய்ச் சேர்ந்தது. கரையில் ஊரே கத்தியது. அவளுக்கு அழுகை வந்தது, நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இதில்தான் வந்தது வினை. கரை மேல் நின்று கொடி காட்டி லாரியை அனுப்பியவன் அவளுக்குக் கீழே வேலை பார்த்த சின்ன லெப்டினன்ட். எந்நேரமும் பாக்கெட்டில் சீப்பு வைத்திருப்பான், அதனால் ஆட்கள் வைத்த பெயர் சீப்பு. ஊரே மூழ்கினாலும் அவன் வகிடு மட்டும் கலையாது. பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுத்தான். படத்தில் பாலம், லாரி, கொடியோடு சீப்பு. பாலத்துக்கு அடியில் நிழலில் கறுப்பாக ஏதோ ஒன்று. அதை எல்லாரும் தூண் என்று நினைத்தார்கள். அந்தப் பாலத்துக்கு நடுவில் தூணே கிடையாது! கட்டினவள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றதாலேயே படத்தில் இல்லாமல் போனாள். நிற்கக் கூடாத பெருமையில் நின்றவன் நோகாமல் நுங்கு தின்றான். அந்தப் படம் ஊரில் முடி வெட்டுகிற கடை வரைக்கும் தொங்கியது.

இந்தப் பாலம் தற்காலிகம், நிஜப் பாலம் சீக்கிரம் வரும் என்றார்கள். பதினாறு வருஷம் ஆகியும் வரவில்லை. சீப்பு படிப்படியாக ஏறிக் கர்னலாகிவிட்டான். அவளுக்கு மேலே ஏற இடம் கொடுக்காமல் மேஜராகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். புருஷன் ஊருக்கு வந்து குடியேறினாள். தினமும் காலையில் நடக்கப் போனால் பாலம் வரை போய், அதன் வாசலில் இருந்த மஞ்சள் வட்டப் பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். அந்தப் பலகையில் ஓர் எண் இருக்கும். அந்த எடைக்கு மேல் ஏற்றாதே என்று அர்த்தம். அவள் கணக்குப் போட்டு, அவளே மாட்டிய எண்.

அப்புறம்தான் தலைவருக்கு அழகு பார்க்கிற ஆசை வந்தது. தலைவர் என்றால் நகராட்சித் தலைவர். காண்ட்ராக்டர் அவருடைய மச்சான். நிஜப் பாலம்தான் கட்ட முடியவில்லை, இருக்கிற பாலத்தையாவது ஜோடிப்போம் என்று மச்சானும் மச்சானும் இறங்கினார்கள். மரப்பலகை மேல் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். கான்கிரீட் மேல் டைல்ஸ். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கல் தொட்டிகளில் செடி. இரும்பு முழுக்க வெள்ளிப் பெயிண்ட். மஞ்சள் பலகை போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறதாம், பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பளிங்குக் கல் பதித்தார்கள். இப்பாலத்தைக் கட்டியவர் என்று போட்டு, கீழே கர்னலின் பெயர்.

மேஜர் காலை நடையில் அந்தக் கல்லைப் படித்தாள். ஒரு தடவை படித்தாள், திரும்பவும் படித்தாள். வயிறு எரிந்தது. இதில் பெருந்தன்மை பாராட்ட என்ன இருக்கிறது? அவள் பெயரைக் கல்லில் போடாவிட்டாலும் போகட்டும், அவள் தலையில் சேறு கொட்டின இடத்தில் இன்னொருத்தன் பெயரையா போடுவார்கள்? கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கைப்பிடி சரியில்லை என்று பட்டது. பாலத்தின் கோடு நேராக இல்லை, நடுவில் தொய்ந்திருந்தது. கோபத்தை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கீழே போனால் கதையே வேறு. ஒரு பக்கம் பாலம் உட்காருகிற மேடை மண்ணுக்குள் சரிந்திருந்தது. அடிச் சட்டத்தில் ஓர் ஆணி பாதி வெளியே வந்திருந்தது. அதன் கிளிப்பைக் காணோம். பெயிண்ட் அடிக்க வந்தவன் தூரிகைக்கு இடைஞ்சல் என்று பிடுங்கிப் போட்டிருக்க வேண்டும், சேற்றில் தேடினால் வெள்ளிப் பெயிண்ட் தெறித்த ஒன்று கிடைத்தது. மேலே அத்தனை கான்கிரீட்டும் தொட்டியும் ஏறி உட்கார்ந்திருக்க, அந்த ஆணிதான் பாலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலை நடப்பதால் பாலத்தில் வண்டி விடாமல் வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. நகராட்சி புதிதாக வாங்கின தீயணைப்பு வண்டி, வயிறு முட்டத் தண்ணீரோடு முதலில் போகும். அதன் பின்னாலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேண்டு வாசித்துக்கொண்டு அணிவகுத்துப் போவார்கள்.

சேற்றுக் காலோடு நேராக நகராட்சி அலுவலகம் போனாள். தலைவர் அறையில் காண்ட்ராக்டரும் இருந்தான். கிளிப்பை மேசை மேல் வைத்தாள்.

"இது என்னம்மா, ஹேர்பின்னா?" என்றான் காண்ட்ராக்டர். "விழுந்துடுச்சா? வீட்டுக்காரர்கிட்ட சொன்னா புதுசு வாங்கித் தரமாட்டாரா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு முடிகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"ஆணி கழண்டுட்டு வருது. மேடை சரிஞ்சிருக்கு. மேல ஏத்தின எடைக்கே பாலம் தாங்கல. இதுல தண்ணி வண்டிய விட்டீங்கன்னா ஆத்துல போய்தான் நிக்கும். பின்னாடி வர்ற பிள்ளைங்களும் சேர்ந்து. விழாவக் கரையிலேயே வெச்சுக்குங்க. பாலத்துல ஒரு வண்டியும் வேண்டாம்."

"அம்மா," என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "மேஜர் சாருக்கு எங்க எல்லாருக்குமே மரியாதை இருக்கு. அவர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா?"

"நான்தான் மேஜர்."

"சரிம்மா, சரிம்மா. ரிடையர் ஆயாச்சு இல்ல? ரெஸ்ட் எடுங்க. கல்லுல பேரு வரலேன்னு உங்களுக்கு வருத்தம்னு புரியுது. வேணும்னா பார்க்குல ஒரு பெஞ்சு போட்டு உங்க பேர எழுதிடலாம்."

செவிடன் காதில் ஊதின சங்குதான். வெளியே வந்து கர்னலுக்கே போன் போட்டாள். எதிர்முனையில் குரல் கெட்டியாகி, கனமாகி, கர்னல் குரலாகவே ஆகியிருந்தது. ஆனாலும், "மேடம்" என்றுதான் எடுத்தார்.

"சீப்பு, கல்லப் பத்திப் பேச நான் கூப்பிடல. பாலம் போயிட்டிருக்கு."

முழுவதும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். "நான் பேசிடறேன் மேடம், கவலப்படாதீங்க. அந்தக் கல்லு… நானா கேட்டது இல்ல மேடம். அவங்களே ஆசையா…"

"பேசுங்க" என்று வைத்துவிட்டாள். அவர் பேசவில்லை. பேசினால் கல்லைப் பற்றியும் பேச்சு வரும் இல்லையா? பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்திருக்கிறவன் இலையைக் கிளறுவானா?

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். டாக்டரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு, வாய் மட்டும் ஊர் முழுக்க. அவள் மகள் பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறாள். அதற்காகவே புதுப் புடவை எடுத்திருந்தாள்.

"அண்ணி, ஊரெல்லாம் பேச்சா இருக்கு. பேருக்காக விழாவ நிறுத்தப் பாக்கறீங்களாம். அந்தக் கல்லுல என்ன அண்ணி இருக்கு, விடுங்களேன்."

"பேரு எனக்கு வேணும்டி. வேண்டாம்னு யாரு சொன்னது? என் வயித்தெரிச்சல் என்னோட. ஆனா அந்த ஆணி என் வயித்தெரிச்சலாலயா கழண்டுச்சு?"

நாத்தனார் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் வழக்கம்போல், "நீ சொல்லிட்ட இல்ல, அவங்க பாத்துப்பாங்க. விடும்மா" என்றார்.

"உங்க வாயில 'விடும்மா' தவிர வேற வார்த்தையே கிடையாதா? ஊர் வாயெல்லாம் பாக்கறீங்க, உங்க வாய என்னிக்காவது தொறந்திருக்கீங்களா?"

நாத்தனார் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "நெஜமாவே விழுந்துடுமா அண்ணி?"

"தண்ணி வண்டி ஏறினா விழும். பேண்டு வேற. பாலத்துல ஏறினா பட்டாளமே கால மாத்தி மாத்திப் போட்டு நடக்கும், தெரியுமா? எல்லாரும் ஒண்ணா மிதிச்சா பாலம் ஆட ஆரம்பிச்சுடும். உன் பொண்ணு டிரம்மு சத்தத்துக்குத்தான் அத்தனை பிள்ளைங்களும் காலெடுத்து வைக்கப்போகுது."

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். மகளை அனுப்பமாட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அழுது அடம் பிடித்து டிரம்மை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் வாசலில் பந்தல், மேடை, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. மேடைக்குப் பின்னால் அந்தப் பழைய படத்தைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கர்னல் நடுவில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி குறைந்திருந்தது, வகிடு குறையவில்லை. விழாக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து, "மேஜர் சார், நீங்க மேல வாங்க" என்று டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மேடையில் உட்காரவைத்தார்கள். மேஜரிடம், "அம்மா, லேடீஸ் அந்தப் பக்கம்" என்றார்கள். அவள் லேடீஸ் பக்கமும் போகவில்லை, ஜென்ட்ஸ் பக்கமும் போகவில்லை. நேராகப் பாலத்தின் வாசலுக்குப் போய், உறுமிக்கொண்டு நின்ற தீயணைப்பு வண்டிக்கு முன்னால் நின்றாள். வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் வெள்ளை ஷூவுமாக வரிசை கட்டி நின்றார்கள்.

"அம்மா, வழிய விடுங்க" என்று மைக்கில் சொன்னார் தலைவர்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரல் அவளுடையது. அதை எடுத்தாள்.

"கர்னல்!"

கர்னல் எழுந்து நின்றுவிட்டார். யோசித்து எழவில்லை, உடம்பு பழக்கத்தில் எழுந்துவிட்டது.

"கல்லுல உங்க பேரு இருக்கு. பாலம் உங்களது. முதல் வண்டி போகப்போகுது. கட்டினவர் எங்க நிக்கணும்?"

கூட்டம் சலசலத்தது. "கீழ, மேடம்" என்றார் கர்னல்.

"அப்ப இறங்கி வாங்க. நீங்க போய் நில்லுங்க, வண்டி போகட்டும். நான் ஒரு வார்த்தை பேசல."

தலைவருக்கு முகமெல்லாம் பல். ஏதோ பட்டாளத்துச் சம்பிரதாயம், விழாவுக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். "போங்க கர்னல் சார், ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வாங்க. தண்ணி கம்மியாத்தான் இருக்கு, ஷூகூட நனையாது" என்றார். போட்டோக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள்.

கர்னல் மேடையைவிட்டு இறங்கி வந்தார். மேஜர் அந்தக் கிளிப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். அதை ஹேர்பின் என்று அவர் சொல்லவில்லை. கரை ஓரம் போய்க் குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்தார். சரிந்த மேடையைப் பார்த்தார், பாதி வெளியே வந்த ஆணியைப் பார்த்தார். மேலே கல் தொட்டிகளைப் பார்த்தார். நாலு எட்டு வைத்தால் கீழே இறங்கிவிடலாம். அவர் இறங்கவில்லை. கை தானாகப் பாக்கெட்டில் சீப்பைத் தேடியது.

"வண்டிய அனுப்ப வேண்டாம்" என்றார்.

"ஏன் சார்?" என்றார் தலைவர், மைக்கைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து.

"இந்த வெயிட்டுக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது."

"என்ன சார் சொல்றீங்க, உங்க பாலம் சார்!"

"இல்ல" என்றார் கர்னல். "இத நான் கட்டல. நான் அப்ப சாதாரண லெப்டினன்ட். கம்பெனி மேடத்தோடது. கட்டினது அவங்க. கீழ நின்னதும் அவங்கதான்." படத்தைப் பார்க்காமலேயே அதன் பக்கம் கையைக் காட்டினார்.

பதினாறு வருஷமாக அந்த ஆள் வாயிலிருந்து வராத வார்த்தை! எப்போது வந்தது பாருங்கள். பாலம் நன்றாக இருந்த வரைக்கும் அவனுடையது. தலைமேல் விழும் என்று தெரிந்ததும் அவளுடையது. மேஜர் அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தாள்! வந்தபோது அதைக் கையால் தொடக்கூடப் பிடிக்கவில்லை.

காண்ட்ராக்டர் கப்பென்று பிடித்துக்கொண்டான். "அதானே பார்த்தேன்! பொம்பள கட்டின பாலம், அப்புறம் எப்படி நிக்கும்? என் வேலையில ஒரு குத்தமும் இல்ல. அடிப்படையே சரியில்ல."

குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்த கதை. ஆனால் கூட்டத்துக்கு அது பிடித்துப்போய்விட்டது. "அந்தம்மாதான் கட்டிச்சாம்", "அப்படியா, அதான் இப்படி" என்று வரிசை வரிசையாக வாய் மாறிப் போனது. கர்னல் பெயர் கல்லில் ஈரம் காயாமல் இருக்க, கண்மூடித் திறப்பதற்குள் பாலம் கைமாறிவிட்டது. தலைவரும் சுதாரித்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம். இந்தப் பாலத்துல குறை எதுவும் இருந்தா அது கட்டினவங்க குறை. கட்டினது இதோ நிக்கிற இந்த அம்மா. நகராட்சிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு தெளிவாச் சொல்லிக்கறேன்."

மேஜர் காதில் கை வைத்துக் கேட்டாள். "என்ன சொன்னீங்க? பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல. யார் கட்டினது?"

"நீங்கதாம்மா! நீங்கதான் கட்டினீங்க!" என்று மைக்கில் கத்தினார் தலைவர்.

"எல்லாருக்கும் கேட்டுச்சா? பாலம் என்னோடது." தீயணைப்பு வண்டி டிரைவரைப் பார்த்துத் திரும்பினாள். "என்ஜின ஆஃப் பண்ணுப்பா. பிள்ளைங்களா, எல்லாரும் பின்பக்கம் திரும்பு. பாலத்த மூடியாச்சு."

டிரைவர் தலைவரைப் பார்த்தான், கர்னலைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான். உயிர் அவனுடையது இல்லையா? என்ஜினை அணைத்தான். அந்தத் திடீர் அமைதியில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. நாத்தனார் புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்வரிசை நாற்காலிகளைக் கை ஒன்றுக்கு ஒன்றாக இழுத்து வந்து பாலத்தின் வாசலில் குறுக்கே போட்டாள். உட்கார்ந்திருந்தவர்களையும் எழுப்பினாள். "எழுந்திருங்க அண்ணே, உக்காந்தது போதும்." பேண்டில் பிள்ளைகளை விட்டிருந்த நாலைந்து தாய்மார்கள் பார்த்தார்கள், அவர்களும் ஆளுக்கு இரண்டு நாற்காலியோடு வந்தார்கள். மேடையில் இருந்த மெத்தை வைத்த பெரிய நாற்காலியை நாத்தனாரும் இன்னொருத்தியும் சேர்ந்து தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "இது நகராட்சிப் பாலம்! யாரக் கேட்டு மூடறீங்க?"

"கட்டினவளக் கேட்டு" என்றாள் மேஜர்.

தலைவர் மைக்கைக் கீழே இறக்கினார். இப்போதுதான் மைக்கில் இரண்டு தடவை ஊருக்கே சொல்லியிருக்கிறார், இனி எப்படி மாற்றிச் சொல்வது? போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலி வேலியைப் பார்த்து விழித்து, பழக்கதோஷத்தில் மேடை மேல் இருந்த டாக்டரைப் பார்த்து சல்யூட் வைத்தார்.

"மேஜர் சார், என்ன சார் பண்ணணும்?"

டாக்டர் எழுந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "யோவ், பல்லு வலிச்சா என்னைக் கேளு. பாலத்துக்கு அங்க கேளு. மேஜர் அவங்க. இவ்வளவு நேரம் கத்தினது காதுல விழல?" அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. போலீஸ்காரர் திரும்பி, மேஜரைப் பார்த்து இன்னொரு சல்யூட் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டு, கரையின் இரண்டு பக்கமும் ஆள் போடச் சொன்னாள்.

மறுநாள் பேப்பரில் நாற்காலி வேலிக்கு முன்னால் அவள் நிற்கிற படம் பெரிதாக வந்தது. அந்தப் பாலத்தோடு அவள் முகம் தெரிகிற முதல் படம். கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: விழாவில் பரபரப்பு, பாலத்தை மறித்த மேஜரின் மனைவி.

அவள் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து மேசை மேல் வைத்தாள். கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. டாக்டர் எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார். கிளினிக் திறக்கிற நேரம், வாசலில் இரண்டு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டையை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"பேப்பர் ஆபீசுக்கு."

"எத்தனை பேருக்குத்தான் சொல்லுவீங்க, விடுங்க."

"விடறதா?" என்றார் டாக்டர். பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒரு மணி நேரம் பொறுங்க. அதுக்குள்ள வலி தாங்கலேன்னா உள்ள மேஜர் இருக்காங்க, வெடி வெச்சு எடுத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி வேகமாக நடந்தார்.